இலை, காம்பு, அரும்பு: திருகோணமலை மரங்களை அடையாளம் காண அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வளவில் தானாக முளைத்த மரத்தின் பெயர் தெரியாதவர்கள், உயர்தரத்தில் உயிரியல் படிக்கிற பிள்ளைகள், கன்னியாப் பக்கமோ திரியாய்ப் பக்கமோ போய்விட்டு ஒரு கிளையோடு திரும்புகிறவர்கள் எல்லோரும் சுற்றிச் சுற்றி ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். பதில்களை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். உதாரணங்கள் முடிந்தவரை நம்மூர் மரங்கள்.

இலையை மட்டும் வைத்து மரத்தின் பெயரைச் சொல்லிவிட முடியுமா?

சில மரங்களுக்கு முடியும். அரசிலையைக் காட்டினால் சின்னப் பிள்ளையும் சொல்லிவிடும். மற்ற மரங்களில் பெரும்பாலானவற்றுக்கு இலை உங்களைக் குடும்பம் வரைக்கும் கொண்டுபோய் விடும். அதற்கு மேல் பூவோ காயோ பட்டையோ வேண்டும். ஆனால் குடும்பம் பிடிபட்டாலே பாதி வேலை முடிந்த மாதிரிதான். இலங்கையில் பூக்கும் தாவரங்கள் மட்டும் 3,000 இனங்களுக்கு மேல் இருக்கின்றன. அத்தனைக்குள்ளும் தேடுவதும், நாவல் குடும்பத்துக்குள் மட்டும் தேடுவதும் ஒன்றா?

பூ வரட்டும் என்று காத்திருப்பதும் சரிப்பட்டு வராது. காட்டு மரம் வருடத்தில் சில வாரங்கள்தான் பூக்கும், அதுவும் உச்சியில். கீழே நிற்பவருக்குக் கிடைப்பது இலைதான்.

அப்படியானால் முதலில் இலையின் வடிவத்தைத்தானே பார்க்க வேண்டும்?

இல்லை, வடிவம் கடைசி. இதை நான் கொஞ்சம் பிடிவாதமாகவே சொல்வேன்.

"நீள்வட்டமான இலை, ஓரத்தில் வெட்டு இல்லை, நுனி கொஞ்சம் கூர்" என்று ஒருவர் போனில் சொன்னால் எனக்கு ஒன்றும் விளங்காது. வெப்பமண்டல மரங்களில் எத்தனையோ அப்படித்தான் இருக்கும். குளிர்நாட்டு மரங்களில் பல்லுப் பல்லான ஓரமும் ஆழமான வெட்டும் அதிகம். வெப்பம் கூடிய நாடுகளில் வெட்டில்லாத ஓரம் உள்ள மரங்களின் பங்கு கூடிக்கொண்டே போகும். இந்தப் போக்கு அவ்வளவு உறுதியாக இருப்பதால்தான் புதைபடிவ இலைகளில் வெட்டில்லாத ஓரம் உள்ளவை எத்தனை என்று எண்ணி, அந்தக் காலத்து வெப்பநிலையைக் கணிக்கிறார்கள். குளிர்நாட்டுக்காரர் வடிவத்தில் தொடங்கலாம், அவர்களுக்கு அது சரிவரும். நமக்கு வராது.

நான் பார்க்கிற வரிசை இது. முதலில், ஒரு முழு இலை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது. அடுத்தது, அந்த இலைகள் கிளையில் எப்படி அமைந்திருக்கின்றன. அப்புறம் கிள்ளினால் பால் வருகிறதா, காம்படியில் செதிலோ தழும்போ இருக்கிறதா என்று பார்ப்பேன். பிறகு நரம்பு. எல்லாம் முடிந்த பிறகுதான் வடிவம், நிறம், அளவு.

எது இலை, எது சீறிலை? எப்போதும் குழம்புகிறதே?

குழம்புகிறவர்கள் நிறையப் பேர். ஆனால் தீர்வு எளிது: கக்க அரும்பைத் தேடுங்கள்.

இலைக்காம்பு கிளையோடு சேருகிற இடத்தின் மேல்பக்கத்து மூலைதான் கக்கம். அங்கே ஒரு சின்ன அரும்பு இருக்கும். அது பின்னால் கிளையாகவோ பூவாகவோ வளரும். அரும்பு இருக்கிற இடத்தில் ஒரு இலை தொடங்குகிறது. சீறிலையின் அடியில் அரும்பு இருக்காது. விதி இவ்வளவுதான்.

வாசலில் நிற்கிற வேம்பில் செய்து பாருங்கள். "வேப்பிலை" என்று நாம் ஒவ்வொன்றாக உருவுகிற அந்தப் பச்சைத் துண்டு உண்மையில் சீறிலை. அதன் அடியில் விரலால் தடவிப் பார்த்தால் அரும்பு தட்டுப்படாது. நடுக்காம்பு வழியே கீழே இறங்கி வாருங்கள். ஒரு முழம் வரைக்கும்கூட இறங்க வேண்டியிருக்கும். காம்பு சற்றுத் தடித்துக் கிளையைத் தொடுகிற இடத்தில்தான் அரும்பு இருக்கிறது. ஆக, 20 முதல் 30 வரையான அந்தத் துண்டுகள் அத்தனையும் சேர்ந்துதான் ஒரு வேப்பிலை. இப்படிப் பல சீறிலைகள் சேர்ந்த இலைதான் கூட்டிலை. அம்மன் கோயிலில் கொத்து என்று ஒடித்து வைப்பதில் முழு இலைகள் மூன்று நான்குதான் இருக்கும்.

அரும்பு மிகச் சிறிதாக இருந்தால் வேறு இரண்டு தடயங்கள் உண்டு. கூட்டிலையின் நடுக்காம்பு நுனியில் வளரும் அரும்பு இருக்காது, கிளை நுனியில் இருக்கும். கூட்டிலை உதிரும்போது கடைசியில் காம்போடு விழும், கிளை நின்றுவிடும்.

நெல்லி கூட்டிலையா?

பார்த்தால் புளியிலை மாதிரியே இருக்கும், ஆனால் இல்லை. நெல்லியில் நீங்கள் "ஒரு இலை" என்று நினைப்பது ஒரு மெல்லிய கிளை. அதில் இரண்டு பக்கமும் வரிசையாக நிற்கிற ஒவ்வொரு சின்னத் துண்டும் ஒரு முழுத் தனி இலை. பூக்கிற காலத்தில் பார்த்தால் சந்தேகமே வராது: அந்தச் சின்ன இலைகளின் அடியில்தான் பூ குந்தியிருக்கும், நெல்லிக்காயும் அங்கேதான் வரும். புளியில் அப்படிச் சீறிலையின் அடியில் ஒருபோதும் பூ வராது. நெல்லி கெட்டிக்காரத்தனமாக இன்னொன்றும் செய்யும். கூட்டிலை உதிர்வது போலவே அந்த மெல்லிய கிளையை முழுசாக உதிர்த்துவிடும். அதனால் மேலே சொன்ன "கிளை நின்றுவிடும்" என்ற தடயம் நெல்லியிடம் எடுபடாது, அரும்பு விதி மட்டும் நிற்கும்.

கூட்டிலைகளை எப்படிப் பிரிப்பது?

இறகு மாதிரி நடுக்காம்பின் இரண்டு பக்கமும் சீறிலைகள் நின்றால் இறகு வடிவம். வேம்பு, புளி, கொன்றை, விளா, முதிரை எல்லாம் இந்த வகை. எல்லாச் சீறிலைகளும் ஒரே புள்ளியிலிருந்து விரிந்தால் உள்ளங்கை வடிவம், இலவம் அப்படி. மூன்று மட்டும் இருந்தால் மூவிலை: வில்வம், மாவிலங்கு, முள்முருக்கு.

இறகு வடிவத்தில் நுனியைக் கவனிக்க வேண்டும். புளியும் கொன்றையும் சோடி சோடியாகவே முடியும், நுனியில் தனித்த சீறிலை இருக்காது. விளாவில் நுனியில் ஒன்று நிற்கும். விளாவின் நடுக்காம்பில் இரண்டு பக்கமும் மெல்லிய இறக்கை போல ஓரம் ஓடும், அதோடு முள்ளும் இருந்தால் விளாதான்.

முதிரை நம் காடுகளின் விலை மதிப்புள்ள மரம். அதன் கூட்டிலையில் 20 முதல் 40 சீறிலைகள் வரும், வெளிறிய சாம்பல் கலந்த பச்சை. ஒரு சீறிலையைத் தனியே எடுத்தால் நடுநரம்பின் ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் ஒடுங்கியும் இருக்கும். வெயிலுக்கு நேரே பிடித்தால் ஊசியால் குத்தியது போல ஒளிப் புள்ளிகள் தெரியும். அவை எண்ணெய்ச் சுரப்பிகள். எலுமிச்சை, விளா, வில்வம் எல்லாவற்றிலும் இதே புள்ளிகள் உண்டு, ஏனென்றால் எல்லாம் ஒரே குடும்பம். தளபாடக் கடையில் முதிரையை விலை பேசுகிறவர்களில் எத்தனை பேருக்கு அது தேசிக்காய்க்குச் சொந்தக்காரன் என்று தெரியும்?

வேம்பையும் மலைவேம்பையும் எப்படிப் பிரிப்பது?

வேம்பில் நடுக்காம்பிலிருந்து நேரே சீறிலைகள். மலைவேம்பில் நடுக்காம்பிலிருந்து பக்கக் காம்புகள் கிளைத்து, அவற்றில் சீறிலைகள். அதாவது இரண்டு மடிப்பு, சில இடத்தில் மூன்று. வேம்பின் சீறிலை அரிவாள் மாதிரி வளைந்து, அடியில் இரண்டு பக்கமும் சமனில்லாமல் இருக்கும். முருங்கையிலும் மூன்று மடிப்பு உண்டு, ஆனால் சீறிலை முட்டை வடிவம், ஓரத்தில் பல் கிடையாது.

எதிரெதிர், ஒன்றுவிட்டு ஒன்று, வட்டம்: இவற்றைப் பார்க்கும்போது என்ன கவனிக்க வேண்டும்?

இலை கிளையில் முளைக்கிற இடம் கணு. ஒரு கணுவில் ஒரு இலை என்றால் ஒன்றுவிட்ட ஒழுங்கு. இரண்டு இலைகள் நேருக்கு நேர் நின்றால் எதிர் ஒழுங்கு. மூன்றோ அதற்கு மேலோ என்றால் வட்ட ஒழுங்கு. மரங்களில் வட்ட ஒழுங்கு அரிது. வீட்டு வாசலில் நிற்கிற அலரியில் மூன்று மூன்றாகப் பார்க்கலாம்.

ஒன்றுவிட்ட ஒழுங்கிலும் இரண்டு விதம் உண்டு. இடம் ஒன்று, வலம் ஒன்று என்று ஒரே தளத்தில் இரண்டு வரிசையாக நிற்பவை ஒரு விதம். கிளையைச் சுற்றிச் சுருளாக ஏறுபவை இன்னொரு விதம். சுருளில் பொதுவாக ஒரு இலைக்கும் அடுத்ததற்கும் இடையில் ஏறக்குறைய 137.5 பாகை கோணம் வரும். அப்படித் திரும்பும்போது மேலிலையும் கீழிலையும் நேர்கோட்டில் விழாது, ஒன்றின் நிழல் மற்றதை முழுதாக மறைக்காது. எதிர் ஒழுங்கில் ஒவ்வொரு சோடியும் கீழ்ச் சோடிக்குக் குறுக்காக நிற்பதும் அதே பலனைத் தருகிறது. தேக்கில் இது வடிவாகத் தெரியும். இளங்கிளையை மேலிருந்து பார்த்தால் சிலுவை மாதிரி இருக்கும், கிளையே நாற்பட்டையாக இருக்கும்.

இங்கேதான் பலர் ஏமாறுவது: பக்கவாட்டில் படுத்து வளரும் கிளைகளில் இலைகள் வெயிலைத் தேடிக் காம்பை முறுக்கித் திரும்பிவிடும். சுருளாக முளைத்ததும் இரு வரிசை போலத் தெரியும், குறுக்காக நின்ற சோடிகளும் ஒரே தளத்தில் கிடக்கும். அதனால் இலைத்தாள், அதாவது காம்பு போக மீதியான தட்டைப் பகுதி, எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பார்க்காதீர்கள். காம்பு எங்கே ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள். முடிந்தால் நிமிர்ந்து வளருகிற ஒரு கிளையைத் தேர்ந்தெடுங்கள். கிளையின் நுனியிலும் கணுக்கள் நெருங்கி நிற்பதால் எல்லாம் கொத்தாகத் தெரியும். ஒரு சாண் கீழே வாருங்கள்.

எதிர் ஒழுங்கு ஒன்றுவிட்ட ஒழுங்கைவிடக் குறைவான குடும்பங்களில்தான் இருக்கிறது. அதனால் சோடி இலையைக் கண்டால் சந்தோஷப்படலாம், பட்டியல் அங்கேயே சுருங்கிவிடும். உள்ளங்கை வடிவக் கூட்டிலையும் எதிர் ஒழுங்கும் சேர்ந்து வந்தால் இன்னும் சுருங்கும். நொச்சி அப்படித்தான்.

குளக்கட்டில் நிற்கும் மருதில் சில இலை சோடியாகவும் சில இலை தள்ளியும் இருக்கிறது. எந்த ஒழுங்கு என்று எழுதுவது?

"ஏறக்குறைய எதிர்" என்று எழுதுங்கள். தாவரவியலாளர்களும் அப்படித்தான் எழுதுகிறார்கள். இரண்டு இலைகளும் ஒரே கணுவில் தொடங்க வேண்டியவை, ஒன்று சில மில்லிமீற்றர் நழுவி நிற்கும். மருதுக்கு இதைவிட நல்ல அடையாளம் இலைத்தாளும் காம்பும் சேருகிற இடத்தில் அடிப்பக்கமாக உள்ள இரண்டு சின்ன முடிச்சுச் சுரப்பிகள். கந்தளாய்க் குளப் பக்கம் போனால் பட்டை பட்டையாக உரிந்து வெளிறிய அடிமரத்தோடு ஓடைக்கரையில் நிற்பதை எட்டத்திலிருந்தே கண்டுபிடிக்கலாம்.

நாட்டு வாதுமையும் மருதின் குடும்பம்தான். ஆனால் அதில் இலைகள் கிளை நுனியில் சுருளாகக் கொத்தாக நிற்கும், அடிப்பக்கம் ஒடுங்கி நுனிப்பக்கம் அகன்றிருக்கும், விழுமுன் சிவக்கும்.

இதய வடிவ இலை கிடைத்தது. அரசு இல்லை என்றால் வேறு என்ன?

நம்மூரில் மூன்றைப் பார்க்க வேண்டும்: அரசு, பூவரசு, சவண்டலை. மூன்றும் ஒன்றுவிட்ட ஒழுங்கு, மூன்றுக்கும் நீண்ட காம்பு.

அரசில் நுனி வால் மாதிரி நீண்டு ஒழுகும், காம்பைக் கிள்ளினால் பால் வரும். காம்பு ஒட்டியிருக்கும் கணுவைச் சுற்றி மோதிரம் போல ஒரு கோடு ஓடும். இளம் இலையை மூடியிருந்த செதில் விழுந்த தழும்பு அது. ஆல், அத்தி, பலா எல்லாவற்றிலும் இதைக் காணலாம். கோட்டைக்குள் கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில் நிற்கிற ஆலமரங்களில் பார்க்கலாம் என்று சொல்வேன், ஆனால் மான்கள் எட்டுகிற உயரத்தில் இளங்கிளை அவ்வளவாக மிஞ்சாது.

பூவரசில் பால் வராது. இலை தடிப்பு, பளபளப்பு. பின்பக்கம் திருப்பி, நடுநரம்பு தொடங்குகிற இடத்துக்கு அருகில் பாருங்கள். சின்னப் பிளவு போல ஒரு தேன் சுரப்பி இருக்கும், எறும்பு அடிக்கடி அங்கே நிற்கும். சுருட்டிப் பீப்பீ ஊதிய வயதில் எல்லோருடைய வாயிலும் இருந்த இலை இது, பின்பக்கத்தை யார் பார்த்தார்கள்?

சவண்டலையைச் சிலர் சமண்டலை என்றும் சொல்வார்கள், சிங்களத்தில் ஹல்மில்ல. இலை பூவரசைவிட மெல்லியது. அடியில் ஒரே புள்ளியிலிருந்து ஐந்து முதல் ஏழு நரம்புகள் விரியும். பால் கிடையாது. காய் காய்த்திருந்தால் ஆறு இறக்கை தெரியும், அதோடு கேள்வி முடிந்தது. இந்த மரத்துக்கு ஒரு காலத்தில் பெரிய வணிகம் இருந்தது. இங்கிருந்து சென்னைக்குக் கப்பலேறி, அலை மோதும் கரையில் சாமான் இறக்கும் மசூலா படகுகள் கட்டப் பயன்பட்டது. மரவணிகர்கள் "டிரிங்கோமலி வுட்" என்றே அழைத்தார்கள். எங்கள் ஊர்ப் பெயரில் உலகச் சந்தையில் உலாவிய மரத்தின் இலையை எங்களுக்கே தெரியாது என்பது கொஞ்சம் வெட்கம்தான்.

பால் வந்தால் என்ன முடிவுக்கு வரலாம்?

பாலையும் ஒழுங்கையும் சேர்த்துப் பாருங்கள். ஒன்றுவிட்ட ஒழுங்கோடு பால் வந்து, மோதிரத் தழும்பும் இருந்தால் ஆல், அரசு, பலா வகை. தழும்பு இல்லாமல் இலை தடித்து, கிளை நுனியில் நெருங்கியிருந்தால் பாலை, இலுப்பை குடும்பம். மகிழும் அதில்தான். எதிர் ஒழுங்கோடு பால் வந்தால் வெப்பாலை குடும்பமாகவோ புன்னை குடும்பமாகவோ இருக்கலாம்.

கோடை உச்சத்தில், கச்சான் காற்று அடிக்கிற நாட்களில் பால் மிகக் குறைவாகத்தான் வரும். இலையைக் கிள்ளி வரவில்லை என்று விட்டுவிடாமல் இளங்கிளையின் பச்சைப் பட்டையிலும் நகத்தால் கீறிப் பாருங்கள். காலை நேரம் நல்லது. கையை உடனே கழுவுங்கள், கண்ணைத் தொடாதீர்கள்.

வறண்ட காட்டுக்குள் போனால் எல்லா இலையும் ஒரே மாதிரித்தான் தெரிகிறது. ஏன்?

ஏனென்றால் எல்லா மரங்களும் ஒரே கஷ்டத்தைத்தான் சமாளிக்கின்றன. திருகோணமலைக்கு மழையின் பெரும்பங்கு ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் வந்துவிடும். அதற்குப் பிறகு நீண்ட காய்ச்சல். இலையை உதிர்க்காமல் நிற்க விரும்பும் மரம் இலையைச் சிறிதாக்கி, தோல் மாதிரித் தடிப்பாக்கி, மினுக்கம் பூசிக்கொள்கிறது. பாலை, வீரை, கருங்காலி மூன்றும் வேறு வேறு குடும்பம், ஆனால் எட்ட நின்று பார்த்தால் ஒரே கரும்பச்சை.

கிட்டப் போய்ப் பார்த்தால் பிரிக்கலாம். பாலையின் இலை நுனியில் ஒரு சின்னப் பள்ளம், யாரோ நகத்தால் கிள்ளி எடுத்தது போல. இலைகள் கிளை நுனியில் கூடி நிற்கும், பால் வரும். வீரையில் நுனி மழுங்கியிருக்கலாம், சில இலைகளில் பள்ளமும் இருக்கும், அதனால் நுனியை மட்டும் நம்பினால் பாலையோடு குழம்பும். ஆனால் வீரையில் பால் வராது, இலைத்தாளின் அடி இரண்டு பக்கமும் சமனில்லாமல் இருக்கும். கருங்காலியில் பால் இல்லை, இலைகள் இரு வரிசையாக நிற்கும், மெல்லிய வலை நரம்பு இரண்டு பக்கமும் தெரியும், அடிமரப் பட்டை கறுத்திருக்கும். ஒன்றைக் கூடக் காயோடு பார்க்காமல் மூன்றையும் பிரித்துவிடலாம்.

நரம்பைப் பார்த்து என்ன சொல்ல முடியும்?

நிறையச் சொல்லலாம், ஆனால் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்க வேண்டும்.

நாவலிலையில் பக்க நரம்புகள் ஓரம் வரைக்கும் போகாது. ஓரத்துக்குச் சற்று முன்னாலேயே ஒன்றோடொன்று சேர்ந்து, ஓரத்துக்குச் சமாந்தரமாக ஒரு கோடாக ஓடும். எதிர் ஒழுங்கு, இந்த ஓரக் கோடு, ஒளிப் புள்ளி, நசுக்கினால் வாசம் எல்லாம் சேர்ந்தால் நாவல் குடும்பம் என்று துணிந்து சொல்லலாம். புன்னையும் எதிர் ஒழுங்குதான். ஆனால் அதன் பக்க நரம்புகள் எண்ண முடியாத அளவு நெருக்கமாக, நடுநரம்புக்கு ஏறக்குறையச் செங்குத்தாக ஓடும். இலந்தையில் அடியிலிருந்து மூன்று நரம்புகள் கிளம்பும், பின்பக்கம் வெள்ளை மயிர். கறுவாவிலும் மூன்று நரம்பு உண்டு, ஆனால் நசுக்கினால் மூக்கு சொல்லிவிடும்.

நரம்பைவிட எனக்குப் பிடித்த அடையாளம் ஒன்று வம்மியில் இருக்கிறது. ஓடைக்கரைகளில் நிற்கிற பெரிய இலை மரம் அது. எதிரெதிராக நிற்கும் இரண்டு காம்புகளுக்கும் இடையில், கிளையின் மேல் இரண்டு பெரிய தட்டையான செதில்கள் கைகூப்பியது போல ஒட்டி நின்று நுனி அரும்பை மூடியிருக்கும். தனி இலை, எதிர் ஒழுங்கு, வெட்டில்லாத ஓரம், காம்புகளுக்கு நடுவே செதில்: இந்த நான்கும் சேர்ந்தால் கோப்பிக் குடும்பம் என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதலாம். கோப்பிச் செடியிலும் வெட்சியிலும் செதில் சின்னதாக இருக்கும், ஆனால் அதே இடத்தில்தான் இருக்கும். செதில் விழுந்துவிட்டால் காம்புகளுக்கு இடையில் கோடு மட்டும் மிஞ்சும், அதுவும் போதும்.

கிண்ணியாப் பக்கம் கண்டல் காட்டில் இந்த முறை சரிவருமா?

அருமையாகச் சரிவரும், ஏனென்றால் அங்கே இனங்கள் குறைவு. தம்பலகாமம் விரிகுடாக் கரையில் நின்றுகொண்டு சோடி இலையா, ஒற்றை இலையா என்று முதலில் கேளுங்கள்.

சோடி இலை, நுனியில் கடினமான சின்ன முள் போன்ற கூர், பின்பக்கம் கரும்புள்ளிகள் தூவியது போல இருந்தால் கண்டல். கீழே வளைந்து ஊன்றிய வேர்களும் தெரியும். சோடி இலை, பின்பக்கம் வெளிறிய சாம்பல், நுனி முள் இல்லை, கீழே சேற்றிலிருந்து பென்சில் மாதிரி மேலே நீட்டிய வேர்கள் என்றால் கண்ணா, அதாவது வெண்கண்டல். மழையில்லாத நாளில் அதன் இலையை நாக்கில் வைக்காமலே விரலால் தேய்த்துப் பாருங்கள், உப்புப் பொருக்கு கையில் வரும். இலையில் உள்ள சுரப்பிகள் உப்பை வெளியே தள்ளுகின்றன.

ஒற்றை இலை, அங்கங்கே சில இலைகள் சிவந்து நிற்கின்றன என்றால் கையை எடுங்கள். அது தில்லை. அதன் பால் தோலைக் கொப்பளிக்க வைக்கும், கண்ணில் பட்டால் பார்வையைத் தற்காலிகமாகப் பறித்துவிடும். கிள்ளிப் பார்க்கிற முறை இந்த ஒரு மரத்தில் வேண்டாம்.

ஒரே மரத்தில் இரண்டு விதமான இலை இருக்கிறதே?

இருக்கும். பலாக் கன்றின் இலை பிளவு பிளவாக இருக்கும், வளர்ந்த பலாவில் அப்படி இருக்காது. யூக்கலிப்டஸ் கன்றில் இலைகள் சோடியாகத் தொடங்கி, வளர வளர ஒன்றுவிட்ட ஒழுங்குக்கு மாறும். வீதியோரங்களில் நட்டிருக்கிற அக்கேசியா இன்னும் மோசம். கன்றில் புளி மாதிரிக் கூட்டிலை, பெரிய மரத்தில் நீண்ட அரிவாள் போன்ற ஒன்று. அந்த அரிவாள் இலைத்தாளே அல்ல, தட்டையாகிப் போன காம்பு. நரம்புகள் நீளவாக்கில் சமாந்தரமாக ஓடுவதைப் பார்த்தாலே சந்தேகம் வர வேண்டும்.

வெட்டிய அடிமரத்திலிருந்து கிளம்புகிற தளிரிலும், நிழலில் நிற்கிற கீழ்க்கிளையிலும் இலை வழக்கத்தைவிடப் பெரிதாக வரும். இலையின் அளவு அதிகம் நம்பத் தகுந்ததல்ல. முதிர்ந்த, வெயில்பட்ட கிளையிலிருந்து நான்கைந்து இலைகளாவது பாருங்கள்.

சவுக்குக்கு இலையே இல்லையா?

உண்டு. கடற்கரையில் ஊசி ஊசியாகத் தொங்குவது கிளை. அதைப் பிடித்து மெல்ல இழுத்தால் கணுக் கணுவாகக் கழரும். ஒவ்வொரு கணுவிலும் ஆறு முதல் எட்டு வரை செதில் இலைகள் வட்டமாகச் சுற்றியிருக்கும், கைலென்ஸ் வேண்டும்.

நசுக்கி மணந்து பார்க்கலாமா? வாயில் வைக்கலாமா?

மணக்கலாம், நல்ல வழி. விளாவும் வில்வமும் முள்ளும் முள்ளுமாக நின்றாலும் வாசம் வேறு. தேக்கின் இளம் இலையைக் கசக்கினால் கை சிவக்கும். வாயில் வைப்பது வேண்டவே வேண்டாம். அலரியும் மஞ்சள் அலரியும் இதயத்தை நிறுத்தக்கூடிய நஞ்சு உள்ளவை, இரண்டும் வீட்டு வேலியோரம் நிற்பவை.

போனில் உள்ள ஆப் சொல்லிவிடாதா?

கூகிள் லென்ஸ், பிளான்ட்நெட், ஐநேச்சுரலிஸ்ட் எல்லாம் பூப் படத்துக்கு நன்றாகச் சொல்லும். தனி இலைப் படத்துக்குச் சறுக்கும், ஏனென்றால் அவை வடிவத்தைப் பார்க்கின்றன, பாலையும் வாசத்தையும் பார்க்க முடியாது. ஆப் தருகிற ஐந்து பெயர்களையும் எடுத்துக்கொண்டு, ஒழுங்கு பொருந்தாதவற்றை நீங்களே வெட்டுங்கள். பெரும்பாலும் ஒன்றோ இரண்டோதான் மிஞ்சும்.

யாரிடமாவது கேட்பதற்குப் படம் எடுத்தால் எப்படி எடுப்பது?

தனியாகப் பிய்த்த ஒரு இலையை உள்ளங்கையில் வைத்து எடுத்த படம்தான் அதிகம் வருகிறது. அதில் ஒழுங்கும் இல்லை, அரும்பும் இல்லை, அளவும் தெரியாது. நான்கு படம் போதும்: ஒரு சாண் நீளக் கிளை முழுதாக, இலையின் பின்பக்கம், காம்பு கிளையோடு சேரும் இடம் மிகக் கிட்டத்தில், பிறகு எட்ட நின்று முழு மரம். பக்கத்தில் ஒரு அடிமட்டம் வைத்தால் நல்லது. கிளையை வைத்திருக்க வேண்டுமென்றால் பத்திரிகைத் தாள்களுக்கு நடுவே வைத்து மேலே பாரம் ஏற்றி, முதல் சில நாட்கள் தாளை மாற்றிக்கொண்டே இருங்கள். மாற்றாவிட்டால் நம் மாரிக் காலத்து ஈரத்தில் பூஞ்சணம் பிடித்துவிடும். ஒரு இலையையாவது பின்பக்கம் தெரியும்படி திருப்பி வையுங்கள். இடம், திகதி, பால் இருந்ததா, வாசம் என்ன என்று துண்டுக் காகிதத்தில் எழுதிச் சேர்த்து வையுங்கள், காய்ந்த பிறகு இவை தெரியாது. புறாத்தீவு போன்ற தேசியப் பூங்காக்களில் ஒரு இலையும் பறிக்கக்கூடாது, அங்கே படம் மட்டும்தான்.

கோடையில் இலை முழுக்க உதிர்ந்து நிற்கிற மரத்தை என்ன செய்வது?

கிளையில் தழும்பைப் பாருங்கள். காம்பு விழுந்த இடத்தில் வட்டமாகவோ முக்கோணமாகவோ ஒரு வடு இருக்கும், அதற்கு மேலே அரும்பு. வடுக்கள் சோடியாக நின்றால் எதிர் ஒழுங்கு, தனித்தனியாக நின்றால் ஒன்றுவிட்டது. வடு பெரிதாக இருந்தால் காம்பு தடித்தது, பெரும்பாலும் கூட்டிலையோ பெரிய இலையோ உள்ள மரம். கீழே கிடக்கிற சருகையும் எடுக்கலாம், ஆனால் பக்கத்து மரத்துச் சருகாக இருக்கக்கூடும். காம்பின் அடியை அந்த வடுவின் மேல் வைத்துப் பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.